பத்துப் பேருக்கு ஒரு திரைப்பட விழா

அன்பின் ஐயா,

ரொறன்ரோவில் ஒரு சிறிய திரைப்பட விழாவில் சில வருடங்களாகத் தொண்டராக இருக்கிறேன். புலம்பெயர்ந்தவர்கள் எடுத்த படங்களுக்கு மட்டுமான விழா. தமிழர், சோமாலியர், பிலிப்பினோக்கள் என்று எல்லாரும் உண்டு. சென்ற முறை ஒரு தமிழ்ப் படத்துக்கு அரங்கில் பத்துப் பேர்தான். இயக்குநர் பாரிசிலிருந்து சொந்தக் காசில் வந்திருந்தார், அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. யூடியூப்பில் போட்டால் ஆயிரம் பேராவது பார்ப்பார்களே என்கிறார் மனைவி. நண்பர் ஒருவரோ, டிஃப் (ரொறன்ரோ சர்வதேசத் திரைப்பட விழா) மாதிரிப் பெரிய விழா நடக்கும் ஊரில் உங்களுக்கென்று தனியாக ஒரு மூலை எதற்கு, நீங்களே உங்களை ஒதுக்கிக்கொள்கிறீர்கள் என்கிறார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

விடுவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணங்கள் இரண்டுமே விடுவதற்குப் போதாது. கவலைப்பட வேண்டிய விஷயம் உங்கள் கடிதத்தில் வேறொரு வரியில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நண்பரின் கேள்வி. தனி மூலை என்று சொல்பவர்கள், இந்த விழாக்களைத் தொடங்கியவர்கள் யார், பிறகு எங்கே போனார்கள் என்று பார்ப்பதே இல்லை. உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆசிய வம்சாவளியினரின் படங்களுக்காக ரீல் ஏஷியன் விழாவை 1997இல் அனிதா லீயும் ஆண்ட்ரூ சன்னும் தொடங்கினார்கள். அந்த அனிதா லீ கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் தயாரிப்பாளராகி, சாரா பாலியின் 'ஸ்டோரீஸ் வீ டெல்' போன்ற படங்களைத் தயாரித்து, பின்னாளில் உங்கள் நண்பர் சொல்லும் அதே டிஃபில் படத்தேர்வுக்குத் தலைமைப் பொறுப்பேற்றார். அவரிடம் போய் மூலை என்று சொல்லச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், எண்பதுகளின் இறுதியில், தேஷ் பர்தேஷ் என்ற விழா அதே டொரண்டோவில் தொடங்கியது. படம் மட்டுமில்லை, கவிதை, நடனம், விவாதம் எல்லாம் சேர்ந்தது. தெற்காசியத் தற்பாலீர்ப்பு ஆண்களின் குஷ் என்ற குழுவிலிருந்து கிளைத்தது அது. தொடங்கியவர்களில் ஒருவரான இயன் இக்பால் ரஷீத் பிறகு 'டச் ஆஃப் பிங்க்' படத்தை இயக்கினார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இவர்களுக்கு வெள்ளையரின் அரங்கில் இடமில்லை, சரி, சொந்தச் சமூகத்தின் கலைவிழா மேடையில் மட்டும் கொடுத்தார்களா? அங்கே பரதநாட்டியத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் இடம் உண்டு, இவர்களுக்கு இல்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தால் மூன்றாவதாக ஒன்றை அவர்களே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒதுங்கிப்போனார்கள் என்று அதைச் சொல்வது அநியாயம்.

பெரிய விழாக்களில் நம் கதைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மை வேடத்தில் நடித்த 'தீபன்' 2015இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உச்சப் பரிசான தங்கப்பனையை வாங்கியது, நாமெல்லாம் கொண்டாடினோம். இயக்கியவர் ழாக் ஒதியார், அதற்கு முன்பே கானில் பரிசு வாங்கிய பெரிய பெயர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே கதையை பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையன் தன் முதல் படமாக எடுத்திருந்தால் யார் முதலில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்? உங்களைப் போன்ற விழாவின் தேர்வுக்குழுவில், பகல் வேலை முடித்து வந்து, குழந்தைகள் தூங்கியபின் மடிக்கணினியில் வரிசையாகப் படம் பார்க்கும் நாலைந்து பேர்தான்.

அந்த நாலைந்து பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நியூயார்க்கில் ஆப்பிரிக்கப் புலம்பெயர்வுத் திரைப்பட விழா என்று ஒன்று 1993இலிருந்து நடக்கிறது. தொடங்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும், ரெய்னால்டோ பரோசோ-ஸ்பெக், டியாரா என்டா-ஸ்பெக். விழா முடிந்ததும் படத்தைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடாமல், ஆர்ட்மட்டன் என்று சொந்தமாக விநியோக நிறுவனமும் நடத்துகிறார்கள். 'கிரிக்கூ' என்ற அருமையான அனிமேஷன் படத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். விழா என்றால் சிவப்புக் கம்பளமும் செல்ஃபியும் என்று நினைப்பவர்களுக்கு இந்த விநியோக வேலை கண்ணிலேயே படாது.

கண்ணில் படாத வேலை இன்னும் எவ்வளவோ. அரங்குகளில் படம் ஓட்டுவதற்கான டிசிபி என்ற டிஜிட்டல் கோப்பு பாதுகாப்புப் பூட்டோடு வந்தால், அதைத் திறக்க ஒரு டிஜிட்டல் சாவி வரும். இன்ன அரங்கின் இன்ன கருவியில், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை மட்டுமே அது வேலை செய்யும். பாரிஸ் நேரப்படி இரவு பதினொன்று வரை என்று யாரோ போட்டு அனுப்பிவிட்டால் டொரண்டோவில் மாலை ஐந்துக்கே அந்தச் சாவி செத்துப்போகும், ஆறு மணிக் காட்சிக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்கத் திரை இருட்டாகவே இருக்கும். முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்து, பாரிசில் தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பிப் புதுச் சாவி வாங்கும் ஒரு ஆள் இந்த மாதிரி விழாவில் எப்படியும் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

மனைவியின் கேள்வி நியாயமானது, ஆனால் அதற்குப் பதில் எளிது. முதலில் யூடியூப்பில் போட்டுவிட்டால், முதல் திரையிடல் எங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும் விழாக்களின் கதவு மூடிவிடும். ஆயிரம் பார்வை என்று எண் காட்டும், அதில் எத்தனை பேர் மூன்றாவது நிமிடத்தைத் தாண்டினார்கள்? உங்கள் பத்துப் பேரும் கடைசிப் பெயர் ஓடும்வரை இருந்திருப்பார்கள். அந்தப் பத்தில் ஒருவர் வேறொரு விழாவுக்குப் படம் தேர்ந்தெடுப்பவராக இருந்தால் போதும்.

இப்போது அந்த வரி. 'இயக்குநர் சொந்தக் காசில் வந்திருந்தார்.' பத்துப் பேருக்குக் கூச்சப்பட்டீர்கள், கூச்சப்பட வேண்டியது இதற்கு. மண்டபத்துக்கு வாடகை கொடுக்கிறோம், பதாகை அடித்தவருக்குக் கொடுக்கிறோம், சமோசாவுக்கும் கொடுக்கிறோம். படம் எடுத்தவருக்கு மட்டும் பொன்னாடை. போதாததற்குப் பல விழாக்கள் படத்தை அனுப்பவே நுழைவுக் கட்டணம் வாங்குகின்றன. கனடாவில் சுயாதீன ஊடகக் கலைகளுக்கான கூட்டமைப்பு ஒன்று, திரையிடலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பரிந்துரை அட்டவணையே வெளியிடுகிறது. கலை மன்றங்களிடம் நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது அதை வரவுசெலவில் சேருங்கள். படங்களைக் குறைத்தாவது கொடுங்கள். கவனிக்கப்படாத கலைஞர்களைத் தூக்கிவிடுகிறோம் என்று மலரில் அச்சிட்டுவிட்டு விமானச் சீட்டை அவர் தலையில் கட்டினால் என்ன அர்த்தம்?

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். 'நம்மவர் படம்' என்பதற்காகவே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுமாரான படத்தை எடுத்து, மேடையில் உலகத்தரம் என்று பேசி, கேடயம் கொடுத்து அனுப்பினால் அந்தப் பையன் அடுத்த படத்தையும் அப்படியேதான் எடுப்பான். மறுத்துவிட்டு, ஏன் மறுத்தோம் என்று நாலு வரி எழுதுங்கள். முதலில் சண்டைக்கு வருவான், அவன் மாமாவும் வருவார், எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் உங்கள் குழு. தேஷ் பர்தேஷ் 2001இல் நின்றுபோனது. ரீல் ஏஷியன், தொடங்கியவர்கள் வேறு வேலைக்குப் போன பின்னும் நடக்கிறது. நிறைய விழாக்கள் தொடங்கியவரின் முழங்கால் வலியோடு முடிந்துவிடுகின்றன. இருபது வயதில் இரண்டு பேரைத் தேர்வுக்குழுவில் சேருங்கள், நாற்காலி போடுவதற்கு இல்லை, ஓட்டுரிமையோடு. தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார்கள், உங்கள் குழுவின் ரசனையைக் கிண்டல் செய்வார்கள், நீங்கள் பெரியவர்கள் கண்கலங்கிப் பார்த்த படத்தை வேண்டாம் என்பார்கள். அவர்கள் ஓட்டையும் சேர்த்தே எண்ணுங்கள்.