அண்ணா அமெரிக்காவுக்குக் கூப்பிடுகிறார்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் கோப்பாயில் இருக்கிறோம். நான் அரச பாடசாலை ஆசிரியை, கணவர் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். மகள் தரம் 10, மகனுக்கு 9 வயது. என் அண்ணா லொஸ் ஏஞ்சல்ஸில் குடும்பத்தோடு இருக்கிறார். "அடுத்த வருஷம் ஆகஸ்ட் லீவுக்கு வாங்கோ. பெரிய வான் எடுத்து டெத் வேலி பாலைவனம், கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கு, பனிமலை எல்லாம் பத்து நாள் சுத்திக் காட்டுறன். டிக்கெட்டை மட்டும் நீங்கள் போடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்கிறார். மகளின் படிப்புக்கென்று 18 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது. அண்ணா மாதாமாதம் அனுப்பும் 200 டொலரையும் ரூபாயாக்கி அதில்தான் சேர்க்கிறோம். செலவு போக மாதம் 40,000 ரூபாய் கையில் நிற்கும். வைப்பைத் தொடாமல் நகையை அடகு வைத்துப் போய்வருவோம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: போங்கள் சகோதரி. ஆனால் அந்த ஆகஸ்டில் வேண்டாம், நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும். இன்னும் 22 மாதம் பொறுத்து, மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிறகு வருகிற சித்திரையில் போங்கள்.

"டிக்கெட் மட்டும்" என்று அண்ணா அன்பில் சொல்கிறார். கணக்குப் போட்டால் அது டிக்கெட்டோடு நிற்காது. கொழும்பிலிருந்து போய்வரத் தலைக்கு 1,400 டொலர், டொலர் 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். நாலு பேருக்கு 5,600 டொலர். மகனுக்கு 12 வயது ஆகுமுன் பறந்தால் சிறுவர் கட்டணத்தில் கொஞ்சம் குறையும், அதை இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டாம். வீசா விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 185 டொலர், மொத்தம் 740. வீசா மறுத்தாலும் அந்தக் காசு திரும்பி வராது. பயணக் காப்புறுதிக்கு ஒரு 400 ஒதுக்குங்கள். ஆக 6,740 டொலர், அதாவது 20 இலட்சத்து 22 ஆயிரம் ரூபாய். நேர்முகத்துக்குக் கொழும்பு போய்த் தங்கிவரவும், கட்டுநாயக்காவுக்கு வான் பிடிக்கவும், அண்ணா வீட்டுக்கு மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி என்று கட்டவும் இன்னொரு 60,000 வையுங்கள். வெறுங்கையோடு போகமாட்டீர்கள் என்று தெரியும். கொண்டுபோகிற சாப்பாட்டுச் சாமானை அங்கே சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்டம் கட்ட வேண்டிவரும்.

இனி அடகுக்கு வருவோம். 20 இலட்சம் எடுத்து, வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்று பிடித்தால் முதல் மாத வட்டி மட்டும் 20,000. உங்கள் கையில் நிற்கும் 40,000 முழுவதையும் மாதாமாதம் அதற்கே கட்டினாலும் கடன் முடியக் கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகும். பத்து நாள் சுற்றுலாவுக்கு ஆறு வருடம்! அடகுச் சீட்டைத் தவணை முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். ஏதோ ஒரு வருடம் கடையில் வியாபாரம் படுத்தால் நகை ஏலத்துக்குப் போகும். உங்கள் மனம் ஒப்பாதது சரிதான்.

நான் கேட்க நினைத்தது வேறு. அண்ணா அனுப்பும் டொலரை ஏன் ரூபாயாக்குகிறீர்கள்? இப்போது வங்கி தன் கொள்வனவு விலைக்கு அதை உங்களிடம் வாங்குகிறது. டிக்கெட் போடும்போது அதே டொலரை வங்கியின் விற்பனை விலைக்கு நீங்கள் திருப்பி வாங்கப் போகிறீர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் உங்கள் காசு. அது சின்ன நட்டம். பெரிய நட்டம் எப்படி வரும் என்பதை 2022இல் எல்லோரும் பார்த்தோம்: மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. உங்கள் 6,740 டொலர் கணக்கில் டொலர் 10 ரூபாய் ஏறினாலே 67,400 ரூபாய் கூடுதலாகத் தேட வேண்டும்.

ஆகவே உங்கள் வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறவுங்கள். வங்கிக்காரர் பிஎப்சிஏ என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அதில் டொலராகவே வைத்திருக்கலாம். 22 மாதத்தில் 4,400 டொலர் சேரும். மிச்சம் 2,340 டொலரும் உள்ளூர்ச் செலவும் சேர்த்து 7 இலட்சத்து 62 ஆயிரம். மாதம் 35,000 ரூபாய் ஒதுக்கினால் அது சரிவரும். கணவரின் கடை முதலோடு அந்தக் காசைக் கலக்க விடாதீர்கள்.

இதில் ஒரு இழப்பு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அந்த 22 மாதமும் மகளின் வைப்புக்கு வட்டியைத் தவிரப் புதிதாக எதுவும் சேராது. இந்தப் பயணத்தின் உண்மையான விலை அதுதான். மகளையும் பக்கத்தில் இருத்திப் பேசுங்கள், அவளுக்கு விளங்குகிற வயது. அண்ணாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் எதற்கென்று நினைத்து அனுப்புகிறாரோ!

மாதம் மிஞ்சும் 5,000 இருக்கிறதே, அதை அடுத்த ஆகஸ்டுக்கு வையுங்கள். 14 மாதத்தில் 70,000 ஆகும். கேடிஎச் வான் ஒன்றைச் சொந்தக்காரரோடு பங்கு போட்டுப் பிடித்து, ஏ9 பாதையால் நுவரெலியா போய்வாருங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணற்காட்டுக்கும் போகலாம். மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களா தெரியவில்லை.

இப்போது அண்ணாவின் பங்கு. இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போவதென்றால் ஏழு பேர் ஏறும் சாதாரண வான் பற்றாது. வாடகை, பெற்றோல், இரவுக்கு இரண்டு அறை, சாப்பாடு என்று பத்து நாளும் அவர் தலையில் ஏறும். டெத் வேலிக்குள் பெற்றோல் வெளியூரைவிட நல்ல விலை, வெளியே டாங்கை நிரப்பிக்கொண்டுதான் நுழைய வேண்டும். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார், நீங்களாகவே ஒரு செலவைப் பொறுப்பெடுங்கள். என் யோசனை, பூங்கா நுழைவுக் கட்டணம். 2026 முதல் கிராண்ட் கன்யன் உட்பட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வதியாத 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் தலைக்கு 100 டொலர் மேலதிகமாகக் கட்ட வேண்டும். மகளுக்கும் அப்போது 16 தாண்டியிருக்கும், ஆகவே உங்கள் மூவருக்கும் 300. வதியாதோருக்கான ஆண்டு அட்டை 250 டொலர்தான். இரண்டு நாள் முன்பே கணினியில் எடுத்துவிடலாம். டெத் வேலி அந்தப் 11இல் இல்லை, அங்கே வாகனத்துக்கு ஏழு நாளைக்கு 30 டொலர். சாப்பாட்டுக்கு ஒரு ரைஸ் குக்கரும் வீட்டில் இடித்த சம்பலும் வானில் ஏறினால் அண்ணாவின் செலவில் பாதி குறையும், பிள்ளைகளின் முணுமுணுப்பும் குறையும்.

சித்திரை என்று நான் சொன்னது மகளின் பரீட்சைக்காக மட்டுமல்ல. டெத் வேலியில் 1913 ஜூலையில் 56.7 பாகை செல்சியஸ் பதிவானது. ஆகஸ்டில் அங்கே 45க்கு மேல் போவது சாதாரணம், வான் வழியில் நின்றால் அது உயிர் விஷயம். சித்திரையில் நம்மூர் வெயில் போலத்தான் இருக்கும். கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே கிடக்கும் பேட்வோட்டர் உப்புத் தரையில் காலையில் நடந்துவிட்டு, 395ஆம் நெடுஞ்சாலையில் லோன் பைன் ஊருக்கு வந்தால் 4,421 மீற்றர் உயர விட்னி மலை பனியோடு எதிரே நிற்கும். மலையைக் குறுக்கே வெட்டி யோசமிட்டிப் பூங்காவுக்குப் போகும் டியோகா கணவாய் மட்டும் அப்போது பனியால் மூடியிருக்கும். கிராண்ட் கன்யனிலும் தெற்கு விளிம்புதான் வருடம் முழுவதும் திறந்திருக்கும். வடக்கு விளிம்பில் அறை எதுவும் போட வேண்டாம் என்று அண்ணாவுக்குச் சொல்லுங்கள்.

கடவுச்சீட்டுக்கு இப்போது கொழும்புக்கோ வவுனியாவுக்கோ ஓடத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் திறந்துவிட்டார்கள். வீசாவுக்கு எட்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், அது கையில் வரும்வரை டிக்கெட் வாங்காதீர்கள். வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்ற எண்ணத்தோடுதான் அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு விண்ணப்பதாரரையும் பார்க்கத் தொடங்கும். அப்படியில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அங்கேதான் உடைக்காத வைப்பும், கடைப் பதிவும், திணைக்களம் தரும் வெளிநாட்டு விடுமுறை அனுமதியும் பேசும். அடகு வைத்த காசு 20 இலட்சம் திடீரென்று கணக்கில் ஏறி நின்றால் அது வேறு கதை பேசும்.

அப்புறம், கணவர் அங்கே வான் ஓட்ட ஆசைப்படுவார். கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுக்கலாம்தான். ஆனால் மேலதிகச் சாரதிக்கென்று வாடகைக் கம்பனிகள் பெரும்பாலும் தனிக் காசு கேட்கும், வீதியும் நமக்கு எதிர்ப்பக்கம். ஓட்டுவதை அண்ணாவிடமே விட்டுவிட்டு, முன் சீட்டில் இருந்து வழி சொல்லச் சொல்லுங்கள்.