ஹல்யாவா: பாலா, பூட்ஸா?

வணக்கம். என் மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். தேர்வுக்கு முந்தைய இரவு விடுதியில் ஜன்னலைத் திறந்து "ஹல்யாவா, ப்ரிதீ!" என்று கத்துகிறார்களாம். ஹல்யாவா என்றால் ஓசி. யூதர்கள் தங்கள் வாராந்தர ஓய்வுநாளான சபாத்துக்கு முன் மிஞ்சிய பாலைச் சும்மா கொடுப்பார்கள், எபிரேயத்தில் பால் 'ஹலாவ்', அதிலிருந்து வந்த சொல் என்று கூடப் படிப்பவர்கள் சொன்னார்களாம். உண்மையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓசி என்பது சரி. பால் கதை ஒலியிலேயே அடிபட்டுப்போகிறது. அங்கிருந்த யூதர்கள் வீட்டில் பேசியது எபிரேயம் அல்ல, யித்திஷ் என்ற மொழி. அதில் பால் 'மில்ஹ்'. எபிரேயச் சொல்லை எடுத்தாலும் அவர்கள் வாயில் அது 'ஹோலொவ்'. 'ஹலாவ்' இன்று இஸ்ரேலில் கேட்கும் உச்சரிப்பு. நம் 'ஓசி'க்கும் கம்பெனிக் காலத்துத் தபால் முத்திரையை வைத்து ஒரு கதை உலவுகிறதே, அந்த ரகம்தான்.

ரஷ்ய மொழியில் ஹல்யாவா ஏற்கெனவே இருந்த சொல். பூட்ஸில் கணுக்காலுக்கு மேல் காலைச் சுற்றி ஏறும் தோல் குழலுக்கு அந்தப் பெயர். 1863–66இல் வெளிவந்த, தால் என்பவர் தொகுத்த ரஷ்ய அகராதியில் இருக்கிறது. உக்ரேனியத்தில் இன்றும் அதே பொருள், போலிஷில் 'ஹொலேவா'. கண்ணாடிப் பட்டறைக்காரர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்: உருகிய கண்ணாடியை நீள உருளையாக ஊதி, இரு முனையையும் வெட்டி, நெடுக்கில் கீறி, சூளையில் விரித்தால் ஜன்னல் கண்ணாடி. விரிப்பதற்கு முந்தைய அந்த உருளைதான் ஹல்யாவா. தொளதொளவென்று வாய் பிளந்து நிற்கும் குழல் என்பதால் ஒழுங்கில்லாத ஆளுக்கும் வட்டார வழக்கில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையை ஏனோதானோவென்று செய்வதைக் குறிக்கும் 'ஹல்யாவித்' என்ற வினையில் அந்த வாடை இன்னும் இருக்கிறது. மெனக்கெடாமல் செய்வதும் மெனக்கெடாமல் பெறுவதும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே.

பேச்சில் பெரும்பாலும் 'நா ஹல்யாவு', அதாவது 'ஓசியில்', என்று வரும். அழுத்தம் 'ல்யா'வில். அரசு தரும் இலவச மருத்துவம் 'பெஸ்ப்லாத்னா'. அதை ஹல்யாவா என்றால் கேலி. "ஓசியில் கிடைத்தால் காடியும் இனிக்கும்" என்று பழமொழியே உண்டு. ஓசிக்கிராக்கி 'ஹல்யாவ்ஷிக்'. 1994இல் எம்எம்எம் என்ற மோசடி நிதி நிறுவனத்தின் விளம்பரத்தில் "நான் ஹல்யாவ்ஷிக் இல்லை, பங்காளி!" என்று ஒருவன் சொல்வான். அதே ஆண்டு நிறுவனம் கவிழ்ந்தது. வசனம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஜன்னல் சடங்குக்கு வருவோம். 'ப்ரிதீ' என்றால் 'வா'. நள்ளிரவில், மதிப்பெண் பதியும் 'ஸச்சோத்கா' புத்தகத்தை விரித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மூன்று தடவை கூப்பிட வேண்டும். எதிர் ஜன்னலிலிருந்து "வந்துகொண்டே இருக்கிறேன்!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். உடனே புத்தகத்தை மூடி நூலால் கட்டிவிட வேண்டும். மறுநாள் தேர்வு நடத்தும் பேராசிரியர் முன்புதான் திறக்கலாம். நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் ஹல்யாவா பறந்துவிடுமாம். உக்ரைனில் இதே சடங்கில் 'ஷாரா'வைக் கூப்பிடுவார்கள், பொருள் ஒன்றுதான்.

பேராசிரியர் காதுபட மட்டும் இந்தச் சொல் வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவையுங்கள். 'நா ஹல்யாவு' தேறினேன் என்றால், அவர் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடுகிறவர் என்று சொன்னதாகிவிடும்.