வாசகர் கேள்வி பதில்: இயேசுவை சந்திச்சிட்டு வீட்டுக்கு திரும்பி வர்றப்போ

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்த சுத்தி சுத்தி வந்துச்சு. இயேசுவை நேர்ல சந்திச்ச மாதிரி ஒரு அனுபவம், அது கிடைச்சவங்க, கிடைக்காதவங்க, கிடைச்சு தொலைச்சவங்க. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதறேன். பெயர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பெயரும் போடல.

கேள்வி: அக்கா, நான் சின்ன வயசுல இருந்தே சர்ச்சுக்கு போறவன், இப்ப 24 வயசு. யூத் மீட்டிங்ல சாட்சி சொல்ற நேரம் வந்தாலே வயித்த கலக்குது. ஒருத்தர் வெளிச்சம் பாத்தேன்றார், ஒருத்தர் பேர் சொல்லி கூப்பிட்டார்ன்றார். எனக்கு தேதி, நேரம் சொல்ற அளவுக்கு ஒண்ணுமே நடக்கல. நான் உண்மையிலயே இயேசுவை சந்திச்சவனா, இல்ல அப்பா அம்மா நம்பறத நானும் நம்பிட்டு இருக்கேனா?

பதில்: தம்பி, உங்க கடிதத்த மூணு தடவை படிச்சேன். நம்ம சபைகள்ல தெரிஞ்சோ தெரியாமயோ எல்லாருக்கும் ஒரே அளவு சட்டைய தைச்சு வச்சிருக்கோம், பவுலோட சட்டை. சபைய துன்புறுத்திட்டு இருந்த பவுல் இயேசுவை சந்திச்ச தமஸ்கு வழி, வெளிச்சம், கீழ விழுறது, குரல். அப்போஸ்தலர் புஸ்தகம் அந்த சம்பவத்த 9, 22, 26ன்னு மூணு அதிகாரத்துல சொல்லுது, அதனால அதுதான் முறைன்னு மனசுல பதிஞ்சிடுச்சு. ஆனா அதே பவுல் தன் சிஷ்யன் தீமோத்தேயுவுக்கு எழுதறப்போ உனக்கு எப்ப வெளிச்சம் வந்துச்சுன்னு கேக்கல பாருங்க. உன் பாட்டி லோவிசாள்கிட்ட இருந்த விசுவாசம், உன் அம்மா ஐனிக்கேயாள்கிட்ட இருந்த விசுவாசம், அது உன்கிட்டயும் இருக்குன்னு நிச்சயமா நம்பறேன்னுதான் எழுதறார். பாட்டி வழியா வந்த விசுவாசத்த அவர் ஒரு இடத்துலயும் ரெண்டாந்தரமா பாக்கல, அந்த பையன நம்பி எபேசு சபையவே ஒப்படைச்சார்.

இயேசு உயிர்த்தெழுந்த அன்னைக்கு எம்மாவு ஊருக்கு நடந்து போன அவரோட சீஷர்கள் ரெண்டு பேர எடுத்துக்கங்க, லூக்கா 24. ஏழெட்டு மைல் தூரம், கூடவே இயேசு நடந்து வர்றார், பேசறார், வேதத்த விளக்கறார், இவங்களுக்கு அவர் யாருன்னே தெரியல. வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு அவர் அப்பத்த பிட்டு குடுக்கறப்போதான் கண்ணு திறக்குது, அந்த நிமிஷமே அவர் மறைஞ்சுடறார். அப்புறம்தான் ஒருத்தர ஒருத்தர் பாத்து, வழியில பேசறப்போ நம்ம இருதயம் கொழுந்துவிட்டு எரியலையான்னு கேக்கறாங்க. எரிஞ்சது அப்பவே, புரிஞ்சது பின்னாடி. உங்களுக்கும் அப்படி இருக்கலாம் இல்லையா, பொய் சொல்லி தப்பிச்சிருக்கலாம்னு இருந்த ஒரு நேரத்துல வாய் வராம நின்னது, யாரும் கேக்காமயே ஒருத்தர்கிட்ட போய் மன்னிப்பு கேட்டது, தனியா இருந்த ஒரு ராத்திரி காரணமே இல்லாம ஜெபம் வந்தது, இதெல்லாம் வெறும் வளர்ப்புன்னு ஒதுக்கிடாதீங்க. அவர் கூட நடந்து வந்திருக்கார், நீங்க வேற யாரோன்னு நினைச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, அந்த ரெண்டு பேரும் அங்கயே உக்காந்து அந்த அனுபவத்த ரசிச்சுட்டு இருக்கல. சாயங்காலமாச்சு, பொழுது போச்சு, தங்குங்கன்னு அவர்கிட்ட சொன்னதே இவங்கதான், ஆனா அந்நேரமே எழுந்து இருட்டுல திரும்ப எருசலேமுக்கு நடக்கறாங்க, மத்தவங்க இருக்கற இடத்துக்கு. சுவிசேஷத்துல எந்த சந்திப்ப எடுத்து பாத்தாலும் இது எனக்கு கண்ணுல படுது, அவர சந்திச்சவங்கள அவர் கடைசில ஒரு மனுஷன்கிட்டயோ, ஒரு ஊருக்கோதான் திருப்பி அனுப்பறார். அதனால வெளிச்சம் பாத்தேனான்னு கேக்கறத கொஞ்ச நாள் விட்டுட்டு, என்னை யார்கிட்ட அனுப்பிட்டு இருக்கார்னு கேட்டு பாருங்க தம்பி. அதுக்கு பதில் உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்னு தோணுது.

கேள்வி: என் வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு ரிட்ரீட்டுக்கு போய்ட்டு வந்தார். மூணு நாள் அழுதாராம், இயேசு என்னை தொட்டார்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றார், சர்ச்ல சாட்சி கூட சொன்னார். ஆனா வீட்டுல அதே கத்தல், அதே வார்த்தை. பசங்க என்கிட்ட கேக்கறாங்க, அப்பா மாறிட்டார்னு சொன்னாங்களேன்னு. நான் என்ன சொல்றது?

பதில்: அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அவர் மாறிட்டார்னு பசங்க முன்னாடி நீங்க நடிக்க வேண்டாம், விசுவாசம் அத உங்ககிட்ட கேக்கல. கத்தலோட நிக்காம கை நீட்டற அளவுக்கு போனா அத ஜெபத்துல மட்டும் வச்சு மறைக்காதீங்க, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி உங்களையும் பசங்களையும் முதல்ல பாதுகாப்பான இடத்துல வச்சுக்கங்க.

அவர் அழுதது பொய்னு நான் சொல்ல மாட்டேன், அது எனக்கு தெரியாது. ஆனா லூக்கா 19ல வரி வசூலிக்கற சகேயுவ பாருங்க. மரத்து மேல இருந்தவன இயேசு பேர் சொல்லி இறங்கிவான்னு கூப்பிடறார், உன் வீட்டுல தங்கணும்ன்றார். கோயில்ல இல்லம்மா, வீட்டுல. அங்க சகேயு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமான்னு ஒரு வார்த்தை பேசல, எழுந்து நின்னு கணக்க எடுக்கறான். ஆஸ்தில பாதி ஏழைகளுக்கு, யார்கிட்டயாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலு மடங்கா திருப்பி தர்றேன். மோசேயோட சட்டத்துல ஏமாத்தி வாங்கினத தானா ஒத்துக்கிட்டவன் முழுசையும் குடுத்து கூட அஞ்சுல ஒரு பங்கு சேத்து குடுத்தா போதும், எண்ணாகமம் 5லயும் லேவியராகமம் 6லயும் இருக்கு. நாலு மடங்கு ஆட்ட திருடி வித்தவனுக்கு போட்ட தண்டனை. இவன் தன்ன திருடன் இடத்துல வச்சு கணக்கு போடறான், யாரும் கேக்காமலேயே. அதுக்கு அப்புறம்தான் இயேசு இன்னைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுன்றார். இந்த வீட்டுக்குன்னு சொல்றார் பாருங்க.

அதனால உங்க வீட்டுக்காரர் கோபம் இல்லாத ஒரு நேரத்துல, சண்டைக்கு இல்லாம, இத அவர்கிட்ட படிச்சு காட்டுங்க. சாட்சி சர்ச்ல சொன்னீங்க, சந்தோஷம், நாங்க மூணு பேரும் வீட்டுல அதுக்காக காத்துட்டு இருக்கோம்னு சொல்லுங்க. அவருக்கு ஆலோசனை சொல்ற பாஸ்டர்கிட்டயும் உள்ளத உள்ளபடி சொல்லுங்க, சாட்சி சொல்ல மைக் குடுத்தவங்களுக்கு அத கேக்கற பொறுப்பும் இருக்கு. பழக்கம் ஒரே நாள்ல போகாது, பவுலே தமஸ்குக்கு அப்புறம் மூணு வருஷம் கழிச்சுதான் எருசலேமுக்கு போறார், கலாத்தியர் 1ல அவரே எழுதியிருக்கார். ஆனா போகணும்ன்ற தவிப்பாவது தெரியணும். கத்தினதுக்கு அப்புறம் பசங்ககிட்ட வந்து அப்பா தப்பு பண்ணிட்டேன்னு சொல்ற அன்னைக்கு நீங்க அத நம்பலாம்.

கேள்வி: எனக்கு 15 வருஷத்துக்கு முன்னாடி நடந்துச்சு. ஒரு ராத்திரி ஜெபத்துல அவர் ரூம்ல இருக்கற மாதிரி, சொல்லவே முடியாத சமாதானம். இப்ப ஒண்ணுமே இல்ல. ஜெபம் பண்றேன், பைபிள் படிக்கறேன், காஞ்சு போய் கிடக்கு. நான் எங்க தப்பு பண்ணேன்?

பதில்: தப்பு பண்ணீங்கன்னு ஏன் எடுத்த உடனே முடிவு பண்றீங்க. மெதடிஸ்ட் இயக்கத்த தொடங்கின ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24ம் தேதி லண்டன்ல ஒரு சின்ன கூட்டத்துல இருதயம் விசித்திரமா கதகதப்பாச்சுன்னு எழுதி வச்சிருக்கார், எல்லாரும் அதோட கதைய நிறுத்திடறாங்க, ஆனா அடுத்தடுத்த நாள் டைரிய பாத்தா சோதனை, எதிர்பாத்த சந்தோஷம் வரலைன்னு அவரே எழுதறார். பிரான்ஸ் நாட்டு கணித மேதை பாஸ்கல் 1654 நவம்பர் 23 ராத்திரி ஏறக்குறைய பத்தரைல இருந்து பன்னண்டரை வரைக்கும் தனக்கு நடந்தத ஒரு தாள்ல எழுதி, நெருப்புன்னு தலைப்பு மாதிரி போட்டு, கோட்டுக்குள்ள வச்சு தைச்சுக்கிட்டார், 1662ல அவர் இறந்த அப்புறம் வேலைக்காரர்தான் அத கண்டுபிடிச்சார். எட்டு வருஷம் அந்த தாள ஏன் உடம்போட வச்சிருந்தார்னு நான் அடிக்கடி யோசிப்பேன். தினமும் அந்த நெருப்பு எரிஞ்சுட்டு இருந்திருந்தா தாள் எதுக்கு, மறந்துடக் கூடாதுன்னுதானே.

அன்னை தெரசா கதை இன்னும் கனமானது. 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் போற ரயில்ல அவங்களுக்கு ஏழைகளுக்கு சேவை செய்யணும்ன்ற அந்த அழைப்பு வருது. அதுக்கப்புறம் வேலைய தொடங்கின காலத்துல இருந்து கிட்டத்தட்ட சாகற வரைக்கும் உள்ள இருட்டு, ஆண்டவர் இல்லாத மாதிரி ஒரு வெறுமை, 2007ல அவங்க கடிதங்கள் வெளிவந்தப்போதான் உலகத்துக்கு தெரிஞ்சது. அந்த இருட்டோடதான் தினம் காலைல எழுந்து போய் சாகக் கிடந்தவங்க கைய பிடிச்சாங்க. அவங்கள தொட்ட ஒருத்தருக்கும் அது இருட்டா தெரியல.

நான் உங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். அந்த 15 வருஷத்துக்கு முந்தின ராத்திரிய ஒரு தாள்ல எழுதுங்க, என்ன நடந்துச்சு, அதுக்கு அடுத்த வாரம் நீங்க என்ன செஞ்சீங்க, யார்கிட்ட போனீங்க. அந்த ரெண்டாவது பகுதி முக்கியம். அந்த உணர்வ திரும்ப வரவைக்கற சக்தி நம்மகிட்ட இல்ல, ஆனா அப்ப போன அந்த ஆள்கிட்ட இன்னைக்கும் போகலாம் இல்லையா. உடம்பு சரியில்லாம, தூக்கம் இல்லாம, மனசு நொறுங்கி இருக்கற நிலையா இருந்தா டாக்டரையும் பாருங்க, எல்லா வறட்சியும் ஆவிக்குரிய வறட்சி இல்ல.

கேள்வி: ரெண்டு சின்ன குழந்தைங்க, மாமியாருக்கு உடம்பு முடியல. அமைதியா அஞ்சு நிமிஷம் ஜெபம் பண்ண நேரம் இல்லாத எனக்கு இயேசுவ சந்திக்கறதெல்லாம் நடக்குமா அக்கா?

பதில்: நடக்கும்மா. சமாரியா ஸ்திரீ ஜெபம் பண்ண போகல, தண்ணி மொள்ளத்தான் போனா. கிணத்தடியிலதான் அவர் உக்காந்திருந்தார். பாரிஸ்ல ஒரு மடத்துல வருஷக்கணக்கா சமையல் வேலை பாத்த சகோதரர் லாரன்ஸ் 1691ல இறந்தவர், சமையலறை சத்தத்துல, நாலு பேர் நாலு விதமா கூப்பிடற நேரத்துலயும், முழங்கால்ல நிக்கற அதே அமைதியோட தேவன் கூட இருக்க முடிஞ்சதுன்னு சொல்லியிருக்கார்.

எங்க அம்மா படுக்கையில இருந்த கடைசி மாசங்கள்ல எனக்கும் உங்க மாதிரிதான், ஜெபமே இல்லாம போச்சு. ஒரு ராத்திரி அவங்க காலை துடைச்சிட்டு இருக்கறப்போ யோவான் 13ல அவர் சீஷர்களோட கால கழுவினது ஞாபகம் வந்துச்சு, வந்த உடனே அவர் பக்கத்துல அதே வேலைய செஞ்சிட்டு இருக்கற மாதிரி ஒரு நிச்சயம், கை நின்னு போச்சு, ரொம்ப நேரம் அழுதேன். வெளிச்சம் கிடையாது, குரல் கிடையாது. விடிஞ்சதும் ஆறு வருஷமா பேசாம இருந்த எங்க அண்ணனுக்கு போன் பண்ணி அம்மாவ வந்து பாருண்ணான்னு சொன்னேன். அத செய்யணும்னு நான் யோசிக்கவே இல்ல, கை தானா போன எடுத்துச்சு. அதுக்கு முன்னாடி எத்தனை கன்வென்ஷன் போயிருப்பேன், அந்த போன மட்டும் பண்ணாமயே வந்திருக்கேன்.

நேரம் கிடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க. துடைக்கறப்போ, தூங்க வைக்கறப்போ ஒரே ஒரு வரி அவர்கிட்ட சொல்லுங்க, போதும். அப்புறம் உங்க வீட்டுக்காரர்கிட்ட தினமும் பத்து நிமிஷம் குழந்தைங்கள பாத்துக்க சொல்லுங்க, அதயும் கேக்கறதுல தப்பே இல்ல.

கேள்வி: இயேசு கனவுல வந்து உங்க குடும்பம் எங்க ஊழியத்துக்கு இவ்வளவு குடுக்கணும்னு சொன்னார்னு ஒரு சகோதரர் சொல்றார். குடுக்கலன்னா சாபம் வரும்ன்றார். நம்பறதா?

பதில்: வேண்டாம். அப்ப சவுல்னு பேர் இருந்த பவுல் தரிசனம் பாத்தப்போ அந்தப்பக்கம் அனனியாகிட்டயும் ஆண்டவர் தனியா பேசினார், ரோம படை அதிகாரி கொர்நேலியு பாத்தப்போ சீஷன் பேதுருகிட்டயும் பேசினார். உங்க பணத்த பத்தி பேசணும்னா அவருக்கு உங்க விலாசம் தெரியும். பயமுறுத்தி வாங்கறது அவர் வழக்கம் இல்ல, எல்லாத்தையும் சோதிச்சு பாத்து நல்லத பிடிச்சுக்கங்கன்னு பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

கேள்வி: நான் இரட்சிக்கப்பட்டவன்னு ஊருக்கே தெரியும். அதுக்கப்புறம் பெரிய தப்பு பண்ணிட்டேன், கூட நின்ன ஒரு நண்பன காட்டிக் குடுத்துட்டேன், என் வேலைய காப்பாத்திக்க. அதுல இருந்து சர்ச்சுக்கு போகல, ஒரு வருஷம் ஆச்சு. முதல்ல நடந்தது எல்லாம் பொய்தானே?

பதில்: சகோதரரே, இல்ல. பேதுரு பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்துல மூணு தடவை இயேசுவ தெரியாதுன்னு சொன்னப்போ அங்க கரிநெருப்பு போட்டு குளிர்காஞ்சிட்டு இருந்தாங்க, யோவான் 18. அதுக்கு அப்புறம் யோவான் 21ல உயிர்த்தெழுந்த இயேசு கரையில காத்துட்டு இருக்கறப்போ அங்கயும் கரிநெருப்பு. கிரேக்கத்துல அந்த வார்த்தை புதிய ஏற்பாட்டுல இந்த ரெண்டு இடத்துலதான் வருது. மறுதலிச்ச அதே வாசனைக்கு பக்கத்துல அவன உக்கார வச்சு, முதல்ல சாப்பிட குடுக்கறார். சாப்பிட்ட அப்புறம்தான் கேள்வி. நீ ஏன் அப்படி செஞ்சேன்னு கேக்கல, என்கிட்ட அன்பா இருக்கியான்னு மூணு தடவை கேக்கறார். மூணாவது தடவை பேதுரு துக்கப்பட்டான்னு எழுதியிருக்கு, வலிச்சது. ஒவ்வொரு தடவையும் அவன அனுப்பறது என் ஆடுகள பாத்துக்கோன்னு, மறுபடியும் மனுஷங்ககிட்ட.

முதல்ல நடந்தது பொய்யா இருந்தா உங்களுக்கு இந்த ஒரு வருஷம் இப்படி வலிச்சிருக்காது. சர்ச்சுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை போங்க, ஆனா அதுக்கு முன்னாடி அந்த நண்பர போய் பாருங்க. காணிக்கைய பலிபீடத்துக்கு முன்னாடியே வச்சிட்டு முதல்ல சகோதரன்கிட்ட போய் ஒப்புரவாகுன்னு மத்தேயு 5ல சொன்னவர் அவர்தான். என்ன செஞ்சேன்னு முழுசா சொல்லுங்க, வேலை போயிடும்னு பயந்தேன்றத காரணமா சொல்லாதீங்க. அவருக்கு நஷ்டம் ஆகியிருந்தா எப்படி ஈடு கட்டப் போறீங்கன்னு யோசிச்சிட்டு போங்க. அவர் கதவ திறக்காம கூட இருக்கலாம், திட்டலாம், அத வாங்கிக்கங்க. போய்ட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்க, நான் காத்துட்டு இருப்பேன்.