பத்து மாதத்தில் வரவேண்டிய கார்

வாசகர் கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். வயது 61, ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் என்னும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது எனக்கு இளவயது முதல் ஆசை. அசல் வாங்க வழியில்லாததால், சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு சிறிய பட்டறையில் அதே வடிவிலான நகல் காருக்கு 28,500 பவுண்டு பேசி ஆர்டர் கொடுத்தேன். பத்து மாதம் என்றார்கள். இப்போது பத்தொன்பது மாதமாகிறது. கிரெடிட் கார்டில் 2,000, பிறகு வங்கி வழியாக 9,000, 8,500 என 19,500 பவுண்டு கட்டியிருக்கிறேன். "ஃபைபர் கிளாஸ் நன்றாக இறுகட்டும்" என்று பிப்ரவரியிலிருந்து சொல்லிவந்த உரிமையாளர், இப்போது பெயின்ட் வேலைக்கு 6,000 கேட்கிறார். நல்ல மனிதர், போகும்போதெல்லாம் டீ கொடுத்து உபசரிப்பார். நானும் நடுவில் இரண்டு மாற்றங்கள் கேட்டேன். "அந்தப் பணத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போய் வந்திருக்கலாம், ரத்து செய்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்" என்கிறார் மனைவி. வரும் ஜூனில் மகளுக்குத் திருமணம். அதற்குள் கார் வருமா? பணத்தைக் கட்டலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் அந்த 6,000 பவுண்டைக் கட்டாதீர்கள். ரத்து செய்யவும் வேண்டாம், இப்போதைக்கு. இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நம்மவர்கள் சொல்வார்கள். இந்தத் தொழிலில் அந்தப் பழமொழிக்கு உண்மையிலேயே இடம் உண்டு என்பதை உங்கள் மனைவியும் அறிந்துகொள்வது நல்லது. ஃபைபர் கிளாஸ் உடலைச் செய்பவர்கள் அச்சின் உட்புறம் மெழுகு தேய்த்து, அதன்மேல் ஜெல்கோட் என்னும் வழவழப்பான மேற்பூச்சைப் பூசி, பிறகு கண்ணாடி இழை விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, ரெசின் என்னும் பிசினை ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழி தங்கிவிடாதபடி வரிவரியான உலோக உருளையால் உருட்டி உருட்டி எடுப்பார்கள். சில மணி நேரத்திலேயே அது தட்டினால் ஓசை எழுப்பும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். ஆனால் உள்ளுக்குள் இறுகும் வேலை வாரக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும், இறுக இறுகச் சிறிது சுருங்கவும் செய்யும். அவசரப்பட்டு அச்சிலிருந்து கழற்றினால் உடல் கோணிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால் அன்றைக்குக் கண்ணாடிபோல மின்னும். அடுத்த கோடையில் இரண்டு வாரம் வெயிலில் நின்றபின், கோணத்தில் பார்த்தால், உள்ளிருக்கும் இழை விரிப்பின் நெசவு கோலப்பொடி சிந்தியதுபோல மேலே தெரியத் தொடங்கும். அதைச் சரிசெய்ய மறுபடியும் உப்புத்தாள், பட்டி, பிரைமர் என்று தொடக்கத்திலிருந்து வரவேண்டும். எனவே இறுகட்டும் என்று உங்கள் பட்டறைக்காரர் சொன்னது பொய்யான காரணம் அல்ல.

ஆனால் அந்தக் காரணத்துக்கு ஓர் ஆயுள் உண்டு. பிப்ரவரியில் அச்சிலிருந்து வந்த உடல் கோடைக்குள் பெயின்டுக்குத் தயாராகியிருக்க வேண்டும். நீங்கள் கடிதத்துடன் அனுப்பிய இரண்டு படங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மே மாதத்தில் எடுத்தது, மற்றது ஆகஸ்டில். இரண்டிலும் இடது முன்மட்கார்டின்மேல் ஒரே துடைப்பம் ஒரே சாய்வில் நிற்கிறது. ஆகஸ்ட் படத்தில் கதவின் மேல்விளிம்பில் விரலால் யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்குத் தூசி. இறுகிக்கொண்டிருக்கும் உடலின்மேல் தூசி படிவது குற்றமல்ல, ஆனால் மூன்று மாதத்தில் அந்தத் துடைப்பத்தை நகர்த்தும் அவசியம்கூட ஒருவருக்கும் வரவில்லை என்றால், உங்கள் கார் ஆறிக்கொண்டிருக்கவில்லை, வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. ஆறப் பொறுக்கலாம், உலையே ஏற்றாத அடுப்பின்முன் உட்கார்ந்து பொறுப்பதில் அர்த்தமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பட்டறைக்காரர் மோசடிக்காரராக இருக்கவேண்டிய தேவையே இல்லை. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் பெயின்டர் ஒருவர்தான் இருப்பார். அவர் ஒரு மாதம் வராவிட்டால் நான்கு கார்கள் நின்றுபோகும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தட்டுதான் இந்த வகைக் காருக்குப் பெரும்பாலும் அடிப்படை. பீட்டிலின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர் இருக்கும், 356இல் அது 2,100 மட்டுமே. ஆகவே துருவில்லாத அடித்தட்டைத் தேடிப் பிடித்து, நடுவே முப்பது சென்டிமீட்டரை வெட்டியெடுத்துப் பற்றவைத்து, கியர்த் தண்டு, ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய் அனைத்தையும் அந்த அளவுக்குக் குறைக்கவேண்டும். மெக்சிகோவில் 2003இல் கடைசி பீட்டில் வெளிவந்ததோடு உற்பத்தி நின்றுவிட்டதால், நல்ல அடித்தட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. இவை நியாயமான தாமதங்கள். நியாயமில்லாத தாமதம் வேறொன்று: புதிதாக வருபவரின் முன்பணத்தை எடுத்து முந்தியவரின் காருக்கு உதிரிபாகம் வாங்குவது. இந்தச் சுழலில் ஒருமுறை இறங்கிய சிறுபட்டறை, புது ஆர்டர் குறைந்த மாதத்தில் மூச்சுத் திணறும். பணம் எப்போது வேண்டியிருக்கிறதோ அப்போது உங்களுக்குத் தவணை வந்துவிட்டதாகக் கடிதம் வரும். பெயின்ட் வேலையைத் தொடங்குமுன்பே பெயின்டுக்குப் பணம் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் எழுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

உங்கள் பங்கையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். 1,600 சிசி எஞ்சினை 1,915ஆக மாற்றச் சொன்னதும், இருக்கைத் தோலின் நிறத்தை மாற்றியதும் சேர்ந்து இரண்டு மாதத் தாமதத்துக்காவது நீங்களே பொறுப்பு. அதைக் கழித்தால்கூட ஏழு மாதம் மீதி நிற்கிறது.

இனிச் செய்யவேண்டியது. ஒரு வேலைநாளில், செவ்வாயோ புதனோ, காலையில் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்குப் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, வாடிக்கையாளர் பார்க்கவேண்டிய காரை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். எப்போது முடியும் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் எப்போதும் அடுத்த மாதம்தான். கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். கூரையில்லாத காரில் கதவு இடைவெளியைச் சரிபார்க்கும் வேலை உடல் அடித்தட்டின்மேல் இறுக்கப்பட்டபின்தான் நடக்கமுடியும். உடலை அமர்த்தியதாகச் சொல்லித்தான் உங்களிடம் 8,500 வாங்கினார்கள். இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். பிறகு பின்னிருக்கை வரவேண்டிய இடத்தில், நடு முகட்டின்மேல் கொத்தியிருக்கும் பீட்டிலின் சேசிஸ் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 1,915 எஞ்சின் வந்துவிட்டதா, அதன் எண் என்ன, வயரிங் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த எண்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பட்டறை நொடித்துப்போனால், முன்பணம் கட்டியவர்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்கவேண்டிவரும். இன்ன எண்ணுள்ள அடித்தட்டும், அதன்மேல் உள்ள உடலும், இன்ன எஞ்சினும் இதுவரை கட்டிய பணத்துக்கு ஈடாக உங்களுக்குச் சொந்தமானவை என்று உரிமையாளர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் இருந்தால் உங்கள் நிலை வேறு. நேர்மையானவர் என்றால் அதை எழுதித்தர அவருக்குத் தயக்கம் இருக்காது. அதைக் கேட்பது அவர் கொடுத்த டீக்குத் துரோகம் செய்வதாகாது. (நானும் ஒரு பழைய ஸ்கூட்டரைச் சீர்படுத்தக் கொடுத்துவிட்டு, பட்டறைக்காரரின் டீயைக் குடித்தே பதினொரு மாதம் போக்கியவன், அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும்.)

நீங்கள் கவனிக்காத ஒரு நல்ல செய்தியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் 2,000 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டியிருக்கிறீர்கள். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும், ஒப்பந்தம் மீறப்பட்டால் கார்டு நிறுவனமும் விற்றவரோடு சேர்ந்து பொறுப்பாகும். அந்தப் பொறுப்பு கார்டில் கட்டிய தொகையோடு நின்றுவிடுவதில்லை. உங்கள் விலை 28,500. எஞ்சின் மாற்றத்துக்காக அந்த விலை 30,000ஐத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது தேதி. காத்திருந்து காத்திருந்து, முதலில் பேசிய தேதியை நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம், இனி என்ன கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு ஆங்கிலேயச் சட்டத்தில் கிட்டத்தட்ட உங்களுக்கென்றே அமைந்த ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1947இல் ஓப்பன்ஹைம் என்பவர் ஒரு ரோல்ஸ்ராய்ஸ் காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி, அதன்மேல் உடல் கட்ட ஏற்பாடு செய்தார். ஆறு, மிஞ்சினால் ஏழு மாதம் என்றார்கள். தேதி தாண்டியபின்னும் அவர் பொறுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் 1948 ஜூன் இறுதியில், ஜூலை 25க்குள் தராவிட்டால் ஏற்கமாட்டேன் என்று எழுத்தில் கொடுத்தார். கார் அக்டோபரில்தான் தயாரானது, அவர் மறுத்துவிட்டார். 1950இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் உள்ளிட்ட நீதிபதிகள் அவர் பக்கமே தீர்ப்பளித்தார்கள்: பொறுத்திருந்தவர், நியாயமான அவகாசம் கொடுத்து, புதிய கெடு ஒன்றை விதிக்கலாம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும், சொன்ன காலத்தில் பொருள் வராவிட்டால் பொருத்தமான கூடுதல் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடம் தருகிறது. அப்படிக் கெடு வைக்கும் கடிதத்தை அனுப்புமுன், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கெடுவை வைக்கும்போது பெயின்டோடு கார் முடிந்துவிடுவதாக எண்ணிவிடாதீர்கள். அடித்தட்டை வெட்டிச் சுருக்கியிருப்பதால் பழைய பீட்டிலின் பதிவெண்ணை அப்படியே வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். அப்படியானால், 2009 முதல் நடப்பிலுள்ள ஐவிஏ என்னும் தனிவாகனச் சோதனையில் தேறவேண்டும், தேறினால் பெரும்பாலும் க்யூ எழுத்தில் தொடங்கும் எண்தான் கிடைக்கும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையை காரின்மேல் உருட்டினால் அது தொடும் விளிம்புகள் கூராக இருக்கக்கூடாது, 2.5 மில்லிமீட்டராவது வளைவு வேண்டும் என்பதுபோன்ற நுணுக்கமான விதிகள் அதில் உண்டு. அழகுக்காக வைத்த குரோமியப் பட்டை ஒன்றினாலேயே திரும்பி வந்த கார்கள் இருக்கின்றன. ஆகவே பெயின்ட் முடியும் நாள், சோதனைக்கு விண்ணப்பிக்கும் நாள், எண்ணோடு ஒப்படைக்கும் நாள் என மூன்றையும் எழுதி வாங்குங்கள். தவணையை, கேட்கும்போது அல்லாமல் முடிந்தபோது தருவதாக மாற்றுங்கள்: பிரைமர் பார்த்தபின் 2,000, பெயின்ட் பார்த்தபின் 4,000, மீதி 3,000 எண் பலகையைக் கையில் பிடித்தபின். இதற்கு அவர் ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கினால் பொறுத்திருங்கள். உடல் நன்றாக வந்திருக்கும் காரை இந்தக் கட்டத்தில் கைவிடுவது நஷ்டம். ஒப்புக்கொள்ளாவிட்டால் மனைவி சொன்னதைக் கேளுங்கள்.

ஜூன் திருமணத்துக்கு இந்தக் காரை நம்பவேண்டாம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கோடையின் கடைசியில்தான் வரும் என்பது என் கணிப்பு. மணமக்களுக்கு வேறொரு காரை இப்போதே வாடகைக்குப் பேசிவிடுங்கள். அந்தக் கெடு தலைக்குமேல் இல்லையென்றால் பட்டறையில் இறுகாத பிரைமர்மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லும் சபலமும் உங்களுக்கு வராது.

இன்னொன்று. கறுப்பு நிறம் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஃபைபர் கிளாஸ்மேல் கறுப்புதான் வெயிலை அதிகம் குடிக்கும், உள்ளிருக்கும் நெசவையும் முதலில் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது மாற்றம் கேட்பதாக அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இன்னும் பெயின்ட் வாங்கவில்லையென்றால் வெள்ளி நிறமோ யானைத்தந்த நிறமோ விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள்.