பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பாடம் மாணவர்களின் சமூகத் திறன்களை வளர்க்கும் என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. வகுப்பில் நடப்பதோ ஆண்டுகளையும் தலைநகரங்களையும் ஒப்பிப்பது. மற்ற நாடுகளிலாவது அது நடக்கிறதா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நடக்கிறது, எல்லா வகுப்பிலும் இல்லை. நடக்கும் இடங்களில், பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசியே ஆகவேண்டிய வேலை ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971 வாக்கில், இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளை ஒன்றாக்கினார்கள். வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக வம்சாவளியினர் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். சண்டை ஓயவில்லை. உதவிக்கு வந்த உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒற்றுமையைப் பற்றி ஒரு வார்த்தை போதிக்கவில்லை. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் துண்டுகளாக்கி, சிறு குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுக்கச் செய்தார். மீதியைக் கூட இருப்பவர் வாயிலிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் தேர்வும் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராத ஒரு பையனை மற்றவர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். அவனுக்குத் தெரிந்தது தங்களுக்கும் தெரியாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று உறைத்த பிறகு, அவனிடம் பொறுமையாக, பதில் சொல்ல ஏதுவான கேள்வி கேட்கப் பழகினார்கள். ஜிக்சா என்று இந்த முறைக்குப் பெயர். சமூகத் திறன் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மைப் போல இல்லாத ஒருவரிடம் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பது.

ஜப்பானில் 1992 முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குச் சமூகப் பாடமே தனியாகக் கிடையாது. அதன் இடத்தில் 'வாழ்க்கைப் பாடம்' வந்தது. பிள்ளைகள் அக்கம்பக்கம் போய்ப் பார்த்து, அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரித்து வருகிறார்கள்.

அப்புறம் ஜெர்மனி. 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று நெறிகள் உருவாயின. ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. ஊரில் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே பேசப்பட வேண்டும். தன் நிலையையும் நலனையும் மாணவரே எடைபோடக் கற்க வேண்டும். இரண்டாவது நெறிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மாற்றுக் கருத்தே எழாத வகுப்பில் பிள்ளைகள் எதைக் கேட்டுப் பழகுவார்கள்?

1999இல் 28 நாடுகளில் ஏறத்தாழ 90,000 பதினான்கு வயது மாணவர்களிடம் நடந்த ஆய்வும் இதையொட்டியே இருக்கிறது. தயங்காமல் கருத்துச் சொல்ல முடிகிற வகுப்பு என்று தங்கள் வகுப்பைச் சொன்ன மாணவர்கள், பெரும்பாலான நாடுகளில் குடிமை அறிவிலும் பின்னாளில் வாக்களிக்கும் எண்ணத்திலும் முன்னே இருந்தார்கள்.

பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த பாடத்தை ஐந்து துண்டாக்கிப் பாருங்கள். முதல் நாள் சத்தமாக இருக்கும், பாதிக் குழுக்கள் முடிக்காது. சரி, பரவாயில்லை. இரண்டு பாடவேளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எப்போதும் வாய் திறக்காத பிள்ளையிடம் எந்தத் துண்டைக் கொடுப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

அன்புடன்.