கேமரா ட்ரோன் வாங்கித் தருவதற்கு முன்

வணக்கம் அம்மா. கல்லூரியே வேண்டாம், ட்ரோன் பைலட் ஆகப்போகிறேன் என்று மகள் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "தடுக்கவும் மனசு வரலை, விடவும் பயமா இருக்கு" என்கிறீர்கள். தடுக்க வேண்டாம், நல்ல ஆசைதான். ஆனால் அவள் முதலில் கேட்கும் விலை உயர்ந்த கேமரா ட்ரோன், கடைசியில் வாங்க வேண்டியது.

காரணம் சொல்கிறேன். இப்போது வரும் ட்ரோன்களில் ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டுவிட்டால் போதும், ஜிபிஎஸ் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கும். அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு எல்லாம் கைவந்துவிட்டது போலத் தோன்றிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் போனால் அதே ட்ரோன் காற்று தள்ளும் பக்கம் நகரத் தொடங்கும். அப்போது அதன் முகம் நம்மைப் பார்த்து இருந்தால் இன்னும் சிக்கல்: வலப்பக்கம் தள்ளினால் நம் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். பதற்றத்தில் கை தவறான பக்கம்தான் தள்ளும். விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

அதனால் முதலில் கணினியில் சிமுலேட்டர், அதாவது திரையிலேயே ட்ரோன் ஓட்டிப் பழகும் மென்பொருள். ஜிபிஎஸ் உதவி இல்லாத முறையில், ட்ரோனின் வால் தன் பக்கம் இருக்கும்படி ஒரே இடத்தில் நிறுத்தப் பழகட்டும். பிறகு பக்கவாட்டில், பிறகு முகம் தன்னைப் பார்க்க, அதன்பின் எட்டு போடட்டும். அங்கே எத்தனை முறை விழுந்தாலும் யாருக்கும் காயமில்லை. அது கைவந்த பிறகு 250 கிராமுக்குக் குறைவான சிறிய ட்ரோன் ஒன்று போதும்.

பறக்கவிடும் முன் செய்யும் சோதனையில்தான் ஒரு பைலட்டின் தரம் தெரியும். பேட்டரி லேசாக உப்பியிருந்தாலும் அதைப் பயன்படுத்தவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். சுழலும் இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரலை ஓட்டி விரிசல் பார்க்க வேண்டும். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை, சுற்றிலும் உள்ள மிக உயரமான மரம், கோபுரத்துக்கு மேல் வைக்க வேண்டும். 30 மீட்டர் என்று வைத்துவிட்டு வழியில் 40 மீட்டர் கோபுரம் இருந்தால், தடையை உணரும் வசதி இல்லாத ட்ரோன் நேரே போய் அதில் மோதும். போகும்போது பின்னாலிருந்து தள்ளிய காற்றைத் திரும்பும்போது எதிர்க்க வேண்டும் என்பதால், பேட்டரியில் மிச்சம் வைத்தே திரும்ப வேண்டும். "இன்றைக்குக் காற்று சரியில்லை, பறக்கவிட மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை நம்பி அனுப்பலாம்.

சட்டத்துக்கு வருகிறேன். பெரும்பாலான நாடுகளில் அடிப்படை ஒன்றுதான்: சுமார் 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, ட்ரோன் கண்பார்வையில் இருக்க வேண்டும், கூட்டத்தின் மேலும் விமான நிலையத்தின் அருகிலும் பறக்கவிடக்கூடாது. ஆட்கள் செல்லும் விமானங்களுக்கும் ட்ரோனுக்கும் இடைவெளி வேண்டும் என்பதற்காகவே அந்த உயர வரம்பு. உரிமம்தான் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி தொலைநிலை பைலட் சான்றிதழுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் பயிற்சியும் தேவை. அமெரிக்காவில் தொழில்முறைச் சான்றிதழுக்கு 16 வயது போதும். 60 கேள்விகள் கொண்ட தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். 250 கிராமுக்குக் குறைந்தால் சட்டமே பொருந்தாது என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள். தளர்வு இருக்கும், ஆனால் தடை செய்யப்பட்ட பகுதி எல்லா எடைக்கும் தடைதான். ஐரோப்பாவில் கேமரா இருந்தால் அந்தச் சிறிய ட்ரோனை இயக்குபவரும் பதிவு செய்ய வேண்டும்.

இனி வேலை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். சான்றிதழ் மட்டும் இருந்தால் வேலை கிடைத்துவிடாது. நில அளவை நிறுவனத்துக்கு வேண்டியது, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படங்கள் எடுத்து, தரையில் அளந்த புள்ளிகளோடு பொருத்தி வரைபடம் ஆக்கத் தெரிந்தவர். சோலார் நிலையத்துக்கு வேண்டியது, வெப்பப் படத்தில் எந்தத் தகடு பழுது என்று சொல்லத் தெரிந்தவர். மருந்து தெளிக்க வேண்டுமானால் பயிரும் தெரிய வேண்டும், மருந்தும் தெரிய வேண்டும். ஆகவே சிவில், புவித் தகவலியல், வேளாண்மை, மின்னியல் என எது பிடிக்கிறதோ அதில் பட்டப்படிப்பு நடக்கட்டும். ட்ரோன் கூடவே வரட்டும்.

பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன், விமானப் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரு ட்ரோனுக்கு எத்தனை மாணவர்கள், அவள் கையில் ரிமோட் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேளுங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தால், ஏற்கெனவே படித்தவர்கள் இருவரிடம் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

இந்த வாரம் அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ வான்வெளி வரைபடத்தில் வீடு எந்தப் பகுதியில் வருகிறது, அங்கே எவ்வளவு உயரம் வரை பறக்கலாம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று பார்த்து உங்களுக்கு விளக்கட்டும். சிமுலேட்டரை அதற்குப் பிறகு வாங்கிக் கொடுங்கள்.