ஒரு போல்டருக்குள் இருக்கிற பைதன் கோப்பை இன்னொரு போல்டரிலிருந்து இம்போர்ட் செய்ய முடியவில்லை, என்ன செய்வது?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அமைப்பு இப்படி: யாழ்ப்பாணத்து பஸ் நேரங்களைக் காட்டும் புரொஜெக்ட், அதற்குள் பஸ் என்று ஒரு போல்டர், அதற்குள் நேரம், கட்டணம் என்று இரண்டு. நேரத்துக்குள் இருக்கிற அட்டவணை கோப்புக்கு, கட்டணத்துக்குள் இருக்கிற கணக்கு கோப்பு வேண்டும். 750 பருத்தித்துறை பஸ்ஸின் நேரத்தோடு காசையும் சேர்த்துக் காட்டப் பார்க்கிறீர்கள், 'மொடியூல் நொட் ஃபவுண்ட்' என்று வந்து நிற்கிறது.

போல்டர் அமைப்பில் பிழை இல்லை. நீங்கள் றன் பண்ணுகிற விதத்தில்தான் பிழை.

நேரம் போல்டருக்குள் போய் அட்டவணையை நேரடியாக ஓட்டுகிறீர்கள் இல்லையா, அப்போது பைதன் தேடும் பட்டியலில் (சிஸ்.பாத்) முதலாவதாக ஏறுவது அந்தக் கோப்பு கிடக்கிற நேரம் போல்டர் மட்டும்தான். மேலே பஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நம்பாவிட்டால் கோப்பின் தலையில் சிஸ்.பாத்தை பிரிண்ட் பண்ணி, பட்டியலில் முதலாவதாக இருக்கிற பாதையைப் பாருங்கள். இரண்டு புள்ளி வைத்து ரிலேட்டிவ் இம்போர்ட் போட்டபோது 'நோ நோன் பேரண்ட் பக்கேஜ்' என்று வந்ததும் இதனால்தான்: அடுத்த ஒழுங்கை என்று வழி சொல்வதென்றால், இப்போது நிற்பது எந்த ஒழுங்கை என்று முதலில் தெரியவேண்டுமே.

ஆகவே புரொஜெக்டின் மேல் போல்டரில், அதாவது பஸ் போல்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு, பைதன் மைனஸ் எம் பஸ்.நேரம்.அட்டவணை என்று ஓட்டுங்கள். கடைசியில் டொட் பிவை போடக்கூடாது. கோப்புக்குள் பஸ்.கட்டணம் என்ற முழுப் பாதையிலிருந்தே கணக்கை இம்போர்ட் செய்யுங்கள். மைனஸ் எம் கொடுத்தால் நீங்கள் நிற்கிற போல்டர்தான் பட்டியலில் முதலாவதாக ஏறும், மிச்சம் எல்லாம் தானாகச் சரிவரும்.

பைசார்மில் (பைதன் எழுதும் எடிட்டர்) ஓடுகிறது, டெர்மினலில் (கொமாண்ட் அடிக்கும் ஜன்னல்) ஓடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பைசார்ம் புரொஜெக்ட் போல்டரைத் தானே தேடும் பாதையில் சேர்த்துவிடும், டெர்மினல் அந்த உதவியைச் செய்யாது.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் சிஸ்.பாத்.அப்பெண்ட் (தேடும் பட்டியலில் ஒரு போல்டரைச் சேர்க்கும் வரி) எழுதச் சொல்லி நிறையப் பேர் பதில் தருவார்கள். எனக்கு அது பிடிக்காது. அதிலும், மேல் போல்டர் என்று குறிக்கும் இரண்டு புள்ளியை மட்டும் அதற்குள் கொடுத்தால், அது கோப்பு இருக்கிற இடத்தை வைத்து அல்ல, நீங்கள் டெர்மினலில் நிற்கிற இடத்தை வைத்துத்தான் மேலே போகும், ஆகவே இன்று ஓடுவது நாளை வேறு போல்டரில் நின்றால் ஓடாது. புரொஜெக்ட் பெரிதாகப் போகிறது என்றால் மேல் போல்டரில் ஒரு பைபுரொஜெக்ட் டொமல் கோப்பு (புரொஜெக்டின் பெயரையும் விவரங்களையும் எழுதிவைக்கும் கோப்பு) வைத்து, பிப் இன்ஸ்டோல் மைனஸ் ஈ, ஒரு புள்ளி என்று ஒருமுறை கொடுத்துவிடுங்கள், பிறகு எங்கே நின்றும் இம்போர்ட் செய்யலாம். டொமலுக்குள் கொடுக்கும் புரொஜெக்ட் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டும்.

இனிட் கோப்பு (போல்டரை பக்கேஜ் என்று காட்ட அதற்குள் வைப்பது) இல்லாததுதான் காரணம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2012இல் வந்த பைதன் 3.3இலிருந்து அது கட்டாயமில்லை. வைப்பது நல்லது, ஆனால் உங்கள் எரர் அதனால் போகாது.

சரி, தமிழில் பெயர் வைத்ததால் வந்த வினையா என்றால், அதுவும் இல்லை. பைதன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஒரு சின்னச் சிக்கல் மட்டும் உண்டு: கொ, கோ போன்ற எழுத்துகளின் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் அரவுமாகத் தனித்தனியாகவும் அடிக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இம்போர்ட் வரியில் நீங்கள் எப்படி அடித்தாலும் பைதன் ஒற்றைக் குறியாக மாற்றிக்கொள்ளும், கோப்பின் பெயரை மாற்றாது. பெயர் பிரித்து அடித்ததாக இருந்தால் கண்ணெதிரே கிடக்கிற கோப்பையே இல்லை என்று சொல்லும். உங்கள் ஐந்து பெயர்களிலும் அந்த எழுத்துகள் இல்லை, இனிக் கோயில் என்று ஒரு கோப்பு வைத்தால் கவனியுங்கள்.

மைனஸ் எம் போட்டும் எரர் வந்தால், ஓட்டிய கொமாண்டையும் சிஸ்.பாத்தில் முதலாவதாக இருக்கிற பாதையையும் அப்படியே கீழே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.